அபிஷாவுக்குச் செய்த பலகை

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிய மழை. ஒன்பது மணிக்கு விட்டது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது; வாவிப் பக்கத்து யன்னல்களைச் சாத்தினேன்.

கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. மூன்றாவது செவ்வாய். அபிஷாவுக்காக.

இந்தப் பக்கம் முழுவதும் இடக்கை எழுத்து. ஜூலையில் வாதம் வந்து வலக்கை சோர்ந்த பின் நாட்குறிப்பே எழுதவில்லை. இப்போது நாளுக்கு ஒரு பக்கம் முடிகிறது. காணிப் பதிவகத்தில் முப்பத்தெட்டு வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதியவளின் எழுத்து இல்லை இது. ஆனாலும் வாசிக்கலாம்.

தர்ஷிகா (இனி த.; நீளப் பெயர்கள் இந்தக் கைக்கு ஆகாது) பங்குனியிலிருந்து என் முன்னறையில் தங்கியிருக்கிறாள். ஊர் வாகரைப் பக்கம். தகப்பன் கடற்றொழில். கல்வியியற் கல்லூரி மாணவி. இந்த வருடம் பாலத்துக்கு அப்பால் உள்ள பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்துப் பழகுகிறாள். ஆவணியில் ஓர் உதவி கேட்டு வந்தாள். வகுப்பில் அபிஷா என்று ஓர் இடக்கைப் பிள்ளை. எழுத வராது. "எனக்குச் சோத்துக் கைதான் பழக்கம் அன்ரி. பிள்ளைக்குக் கை எங்க சிக்குது எண்டு அதுக்குச் சொல்லத் தெரியா. நீங்க இடக்கையால எழுதிப் பாத்துச் சொன்னீங்க எண்டா விளங்கும்."

நியாயமான வேண்டுகோள். ஒப்புக்கொண்டேன். பின்னேரம் அரைமணி நேரம், தனிக் கொப்பியில்.

இன்று சொன்னவை:
கை, எழுதியதை மறைக்கிறது.
பேனையில் மை தேய்கிறது, பென்சில் நல்லது.
ண, ழ இரண்டிலும் சுழி உடைகிறது.
கொப்பியின் மேல் விளிம்பை வலப்பக்கம் சரித்தால் தோள் நோகாது.

எல்லாம் குறித்துக்கொண்டாள். "நாளைக்கு அபிஷாவுக்கும் சரிச்சு வைச்சுப் பாக்கிறன்." அவளுடைய குறிப்பில் இரண்டு எழுத்துப் பிழை. திருத்தினேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். பங்குக் கோயிலிலிருந்து உறுதிப்பூசுதல் சான்றிதழ்கள் பதினெட்டு வந்தன, பெயர் எழுத. எத்தனையோ வருடமாக நான்தான் எழுதுவது. மூக்குக்கண்ணாடி திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சான்றிதழ்கள் அலுமாரியில்.

த. நாலு மணிக்கு வந்தாள். இடியப்பம், சொதி.

"அபிஷா இண்டைக்கு 'அம்மா' எழுதினா அன்ரி. மை தேயாம."

"பென்சிலா?"

"ஓம், நீங்க சொன்ன மாதிரி. முன்பல்லு ஒண்டும் விழுந்திட்டு. சிரிச்சா ஓட்டை."

எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று கேட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

நான் படித்த கொன்வென்ற். இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் ரோசலின். இடக்கை. சிஸ்டர் அந்தக் கையை நீல ரிப்பனால் கதிரையோடு கட்டி வைப்பார். நான் வகுப்புத் தலைவி. முடிச்சு இறுக்கமா என்று பார்ப்பது என் வேலை. தளர்ந்தால் நானே இறுக்குவேன். எனக்கு அது பெருமை. ஒருநாள் அவளுடைய மணிக்கட்டு வீங்கி இருந்தது. அன்றும் இறுக்கினேன். அடுத்த தவணை அவள் வரவில்லை.

இவரிடம்கூடச் சொன்னதில்லை. நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்து காலமான கணவர்.

த. பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒக்டோபர் 11, சனி

வெயில். தச்சு வேலை யோகனிடம் சாய்பலகை ஒன்று சொல்லியிருந்தேன். கொப்பி சறுக்காமல் கீழே ஒரு சட்டம், பென்சில் வைக்கப் பள்ளம். கொண்டுவந்தான்.

"என்னத்துக்கு அன்ரி? பைபிள் வைக்கவோ?"

"ஒரு பிள்ளைக்கு."

"உங்களுக்கு எங்கால பிள்ள?"

"வேலையப் பார்."

விளிம்பில் ஒரு சிலாம்பு. திரும்பத் தேய்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தான். த. விடம் சொல்லவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக எண்ணம். பிள்ளையை ஒருமுறை பார்க்கவும் வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. மெழுகுதிரி, நாலாவது. அங்கிருந்தே ஓட்டோ பிடித்துப் பாலம் கடந்தேன். நீலக்கரைச் சேலை. பலகை மடியில்.

த. பழகும் இரண்டாம் வகுப்பின் ரீச்சர் வாசலுக்கு வந்தார். நல்ல மனுஷி.

"இடக்கைப் பிள்ளையா? என்ர வகுப்பில இருபத்தாறு பேர். எல்லாம் சோத்துக் கைதான் அன்ரி."

"அபிஷா."

"அபிஷா எண்டு ஒருத்தரும் இல்லையே. அக்சயா இருக்கு, அபிநயா இருக்கு." பின்னால் திரும்பி, "அபிநயா, நீ எந்தக் கையால எழுதுறாய்?" என்றார். ஒரு குண்டுப் பிள்ளை எழும்பி வலக்கையைத் தூக்கிக் காட்டியது. பல்லெல்லாம் இருந்தது.

முன்வாங்கில் ஒன்று: "ரீச்சர், அது சறுக்கு விளையாடுற பலகையா?" வகுப்பே சிரித்தது.

அப்போது த. அடுத்த வகுப்பிலிருந்து வந்தாள். கையில் சோக்குக்கட்டி. என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அந்த முகத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வகுப்பு மாறி வந்துவிட்டேன் என்று ரீச்சரிடம் சொன்னேன். அவளைக் காப்பாற்ற அல்ல. என்னை.

ஓட்டோக்காரன் திரும்பும் வழியில், "சாமான் குடுக்கலையா அம்மா?" அவனுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பின்னேரம். த. கதிரையில் இருக்கவில்லை, நின்றாள்.

"ஏன்?"

"உங்களுக்கு எண்டு கேட்டா நீங்க செய்திருக்க மாட்டீங்க."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டன் அன்ரி. ஜூலையில, ஆசுபத்திரியால வந்து நாலாம் நாள். இடக்கையால பழகுவமா எண்டன். ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல நீங்க."

உண்மை. நினைவிருக்கிறது.

"பல்லு விழுந்தது?"

"அது என்ர தங்கச்சிக்கு."

"நாலு கிழமை அந்தப் பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன்."

"அது எனக்குத் தெரியா அன்ரி."

"உனக்கு என்ன தெரியும், என்ன தெரியா எண்டு இனி நான் எப்பிடி நம்புறது?"

 எனக்கு இடக்கை பழக்குவதுதான் கல்லூரி வேலைக்கு அவள் எடுத்தது என்றாள். ஒரே ஒரு கற்பவர். மூன்று மாதம். அவருக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பதிந்துவர வேண்டும். "பிள்ளையாத்தான் இருக்கோணும் எண்டு இல்ல. கல்லூரி மிஸ் ஓம் எண்டவ."

ஆகவே நான் யாருக்கும் உதவவில்லை. என்னை வைத்து அவள் படித்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். பலகை கட்டிலுக்குக் கீழே.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை. இரண்டு நாள் பேச்சில்லை. காலையில் என் மேசையில் தடித்த கோவை ஒன்று. மேலே ஒரு தாள்: கற்பவரின் சம்மதம். கோவையை வாசித்த பின் நான் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஏற்கமாட்டார்களாம். அடுத்த வியாழன் விரிவுரையாளர் இங்கேயே வருகிறார்.

"வாசியுங்க. மறுகா என்னெண்டாலும் சொல்லுங்க," என்றாள். நாளைக்குத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாள்.

ஒக்டோபர் 18, சனி

வீடு அமைதி. மீன்காரி வந்து கூப்பிட்டாள், வேண்டாம் என்றேன். கோவை வாசித்தேன், சிவப்புப் பேனை இல்லாமல்.

எனக்குப் பெயர் இல்லை. 'கற்பவர் அ'.

பக்கம் 3: "முதற் பாடம் தோல்வி. நான் அவருடைய குறையிலிருந்து தொடங்கினேன். யாருக்கும் தன் குறையிலிருந்து தொடங்கப் பிடிக்காது."

பக்கம் 7: "இறப்பர்ப் பந்து கொடுத்தேன். அதை அடுத்த வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டார்." (கொடுத்தேன்தான்.)

பக்கம் 11: "இவர் கற்க மாட்டார். கற்பிப்பார். ஆகவே எனக்குக் கற்பிக்க விட வேண்டும். ஒரு பிள்ளையைக் கற்பனை செய்தேன்."

பக்கம் 19: "இருபது நிமிடத்தில் களைக்கிறார். களைப்பை மறைக்க என் எழுத்துப் பிழைகளைத் திருத்தத் தொடங்குவார். அதனால் இருபதாவது நிமிடத்துக்காக இரண்டு பிழைகளை வேண்டுமென்றே வைத்திருப்பேன்."

இதை மூன்று தரம் வாசித்தேன். பிழைகளும் பொய். நான் பெருமையோடு திருத்திய பிழைகள்.

பக்கம் 31. 'கற்பவரின் முன்னனுபவம்' என்று தலைப்பு. ரோசலின். ரிப்பன். முடிச்சு. வீங்கிய மணிக்கட்டைக்கூட விடாமல். அன்று பேனையைக் கீழே வைத்தாள். அறைக்குப் போய் எடுத்திருக்கிறாள்.

இது பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது. அதனால்தான் அபிஷாவைவிட இது பெரிது.

பக்கம் 34: "இதனால் வகுப்பில் நான் மாறினேன். பேசாத கிருஷாவிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். சோக்குப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாதவள் போல அவளிடம் உதவி கேட்டேன். மூன்றாம் நாள் அவள் வாய் திறந்தாள்."

நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் கிருஷா என்று ஒரு பிள்ளை உண்டா? எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவும் மாட்டேன். பொய் சொன்னவர்கள் பிறகு சொல்லும் மெய்யையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்கம்பக்கத்தில் வெடி. அடுத்த வீட்டு நாய் என் கட்டிலுக்குக் கீழே, பலகைக்குப் பக்கத்தில். விரட்டவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கோயிலுக்குப் போகவில்லை.

மத்தியானம் வந்தாள். முறுக்கு, பயற்றம் பணியாரம், கருவாடு, தாயின் அன்பு. மேசையில் வைத்தாள். நான் தொடவில்லை.

நிபந்தனைகள் சொன்னேன்:
1. பக்கம் 31 கிழித்து என் கையில்.
2. நான் இடக்கையால் எழுதிய கொப்பி என்னுடையது. கோவையிலிருந்து எடுக்க வேண்டும்.
3. ஏமாற்றியதை அவள் தன் கையால், மறைக்காமல், முடிவுரையில் எழுத வேண்டும். 'கற்பனை செய்தேன்' போதாது. 'பொய் சொன்னேன்.'
4. மாத முடிவில் அறையை விட வேண்டும்.

"ரெண்டாவது இல்லாட்டி நீங்க எழுதினதுக்கு அத்தாட்சி இல்ல அன்ரி."

"மிஸ்ஸுக்கு முன்னால எழுதிக் காட்டுறன். போதுமா?"

"போதும்."

நாலையும் ஏற்றாள். கிழித்த தாளைத் தந்தாள், அடுப்பில் போட்டேன்; கொப்பியை அலுமாரியில் வைத்தேன். முடிவுரையைக் கொண்டுவந்து காட்டினாள். 'நான் அவருக்குப் பொய் சொன்னேன். அவர் சொன்ன இரகசியத்தையும் அவரைக் கேளாமல் எழுதினேன்.' இரண்டாவது வாக்கியம் நான் கேட்காதது. பிழை ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

காலை மழை, பத்து மணிக்கு வெளிச்சம். விரிவுரையாளர் வந்தார். முப்பத்தைந்து இருக்கும். மரியாதையான பெண். ஆனால் என் கணவரின் சாய்கதிரையில் கேட்காமல் இருந்தார்.

கோவையைப் புரட்டினார். முடிவுரையில் நின்றார். "இதையெல்லாம் எழுதத்தான் வேணுமா, தர்ஷிகா?"

"ஓம் மிஸ்."

"சரி. அம்மா, ஒரு வரி எழுதிக் காட்டுவீங்களா? கையெழுத்தும் அப்பிடியே."

தாளும் பென்சிலும் முன்னால். நான் நினைத்து வைத்திருக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். விடியவே நினைத்தாயிற்று. பென்சிலை வலக்கையால் எடுத்தேன். அது தாளில் ஊர்ந்தது. என் பெயரின் முதலெழுத்துக்கு மேல் ஒன்றும் எழுத்தாக வரவில்லை. கையெழுத்தும் அப்படியே. கோழி கிளறின நிலம்.

நான் பென்சிலை வைத்த பின்தான் விரிவுரையாளர் கோவையிலிருந்து தலை தூக்கித் தாளைப் பார்த்தார். "மூண்டு மாதத்துக்குப் பிறகும் இப்பிடித்தானா?" என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

அவள் என் கையைப் பார்த்தாள். எந்தக் கை என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொல் போதும். அலுமாரிக்குள் கொப்பி இருக்கிறது, மிஸ், என்றால் முடிந்தது.

"ஓம் மிஸ்," என்றாள்.

கடைசிப் பக்கத்தில் விரிவுரையாளர் எழுதியதைக் கண்டேன்: விளைவு தெளிவில்லை. ஆய்வைத் திரும்பச் செய்ய நேரலாம். அப்படியென்றால் அவள் தன் தொகுதி மாணவரோடு படிப்பு முடித்து வெளியேற மாட்டாள், நியமனமும் பிந்தும். முடிவு அடுத்த கிழமை.

அவர் போன பின், "தேத்தண்ணி ஊத்தட்டா அன்ரி?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

ஒக்டோபர் 25, சனி

அழுதாளா என்று பார்த்தேன். இல்லை. காலையில் உடுப்புத் தோய்த்தாள், பெட்டி அடுக்கத் தொடங்கினாள். யாருடனோ தொலைபேசியில்: "இல்லம்மா, அன்ரியில பிழை இல்ல. நான்தான்." கதவு திறந்திருந்தது. எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாளா? இப்போது அவள் எது செய்தாலும் இந்தக் கேள்வி வருகிறது. என் சொந்த வீட்டில் இப்படி யோசிக்க வைத்துவிட்டாள்.

முறுக்கு ஒன்று தின்றேன். உப்புக் கூட.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பூசை. வெளியே வரும்போது மெழுகுதிரி விற்பவர், "அந்த இடக்கைப் பிள்ளைக்கு எப்பிடி அம்மா? செவ்வாய் உங்களக் காணல்ல."

"எழுதுது," என்றேன்.

வீட்டுக்கு வந்து பலகையை எடுத்துத் தூசு தட்டினேன். உயரம் சரி. யோகன் பிள்ளைக்கு என்று செய்திருந்தாலும் என் முழங்கைக்குச் சரியாக இருக்கிறது. சான்றிதழ் ஒன்று எடுத்து வைத்தேன். இடக்கை. ஒரு பெயருக்கு ஒன்பது நிமிடம். ண இரண்டு. சுழி உடையவில்லை. பிறகு இன்னும் ஐந்து பெயர். அவளுக்குக் காட்டவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

ஒரு விஷயம் தொந்தரவு செய்கிறது. முப்பத்தெட்டு வருடத்தில் பதிவேட்டில் பிழையான ஒரு பதிவை நான் விட்டதில்லை. ஒருமுறை பெரிய மனிதர் ஒருவரின் எல்லை அளவை மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்தே வந்தது. மாற்றவில்லை. இடமாற்றம் தந்தார்கள், போனேன்.

இப்போது ஒரு கோவையின் கடைசிப் பக்கத்தில் பொய்யான பதிவு ஒன்று இருக்கிறது. அதை வைத்தவள் நான். அவள் சொன்ன பொய்யை அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னுடையது எழுதப்படவில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

விடிய மழை, பிறகு விட்டது. ஐந்து மணியிலிருந்து மேசையில்.

விரிவுரையாளருக்குக் கடிதம். பதினொரு வரி. வியாழன் நான் எழுதிக் காட்டியது வேண்டுமென்றே வலக்கையால். இக்கடிதம் இடக்கையால். மாணவி உண்மை தெரிந்தும் பேசவில்லை. அதையும் கணக்கில் எடுக்கவும். அவள் என்னை ஏமாற்றியதை நான் மன்னிக்கவில்லை. அது இதில் சேராது. கீழே முழுப் பெயர். ஒப்பமும் அப்படியே. மை தேயவில்லை. கொப்பியையும் உறைக்குள் வைத்தேன்.

ஏழு மணிக்கு அவள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இத உன்ர மிஸ்ஸுக்குக் குடு."

"என்ன அன்ரி இது?"

"ஒட்டல்ல. ஆக்களின்ர சங்கதி எழுதுறவளுக்கு வாசிக்கவும் தெரியும்தானே."

திறக்கவில்லை. முகவரியைத்தான் பார்த்தாள். என் எழுத்து. வலப்பக்கம் சரியாமல், நேராக, ஐந்து வரி. விரலால் அந்த ழவைத் தொட்டாள்.  அறையை விடச் சொன்னதில் மாற்றமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மாதம் முடிகிறது, அவளுக்கே தெரியும்.

சந்தியில் அவள் போகும் பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. தர்ஷிகா அசையவில்லை. பஸ் போய்விட்டது.